குருவம்மாள் அணைக்கு வைத்த காவல்

அணை கட்டுவது அரசாங்கத்தின் வேலை என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஊத்துப்பாறை குருவம்மாள் அப்படி நினைக்கவில்லை. மலையடிவாரத்தில் அவளுக்கு ஒரு ஏக்கர் வயலும், அதற்கு மேலே நாலு ஏக்கர் முள்ளுக்காடும் இருந்தன. முள்ளுக்காட்டின் நடுவே ஒரு ஓடை. மழைக்காலத்தில் அந்த ஓடைத் தண்ணீர் குருவம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் வயலைத் தாண்டி ஓடி, எந்தெந்த ஊருக்கோ போய்ச் சேரும். பத்து வருஷம் இதைப் பார்த்து வயிறெரிந்தவள், ஒரு கோடையில் ஆட்களைக் கூட்டி ஓடைக்குக் குறுக்கே மண்ணைக் கொட்ட ஆரம்பித்தாள்.

இரண்டு கோடை வேலை. முடிந்தபோது இரண்டு ஆள் உயரத்தில், இருநூறு அடி நீளத்தில் ஒரு மண்கரை நின்றது. கரைக்கு அடியில் வயலுக்குத் தண்ணீர் விட ஒரு மதகு. கரையின் உள்பக்கச் சரிவில், தண்ணீர் எதுவரை ஏறலாம் என்று காட்ட வெள்ளையடித்த ஒரு குறிக்கல். ஊருக்குப் பொதுவில்லை, பங்காளிக்குப் பங்கில்லை. முழுக்க முழுக்கக் குருவம்மாளின் சொந்த அணை.

அவளுடைய கொழுந்தன் ஆவுடையப்பனுக்கு மட்டும் அந்தக் கரை கண்ணை உறுத்தியது. அவர் செங்கல் சூளை வைத்திருந்தார். நல்ல மண்ணை எங்கே பார்த்தாலும் அவருக்கு அது செங்கலாகத்தான் தெரியும். இருநூறு அடி நீளத்துக்கு நல்ல மண் சும்மா படுத்துக் கிடந்தால் மனுஷன் எப்படித் தூங்குவார். கோயில் கொடைத் திருவிழாவன்று பத்துப் பேர் முன்னால் மதினியைச் சீண்டினார். பொம்பளை கட்டின அணையில் தவளைதான் விளையும் என்றார். குருவம்மாளுக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். வார்த்தை தடித்து, கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. கார்த்திகை முதல் தேதி ஆவுடையப்பன் வந்து பார்ப்பார். அணைத் தண்ணீரில் பயிர் பச்சையாக நின்றால் அவர் ஆயுசுக்கும் வாய் திறக்கக் கூடாது. இல்லையென்றால் கரை மண் அவ்வளவும் அவருடைய சூளைக்கு.

குருவம்மாள் ஐப்பசியில் நாற்று நட்டாள். பயிர் பச்சை பிடித்து நின்றது. அணையிலும் அரைவாசிக்குத் தண்ணீர் இருந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்த அந்த நேரத்தில் அவளுடைய வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. டவுன் ஆஸ்பத்திரியில் கண்ணை அறுத்தாக வேண்டும், அப்புறம் பதினெட்டு நாள் தங்கை வீட்டில் அசையாமல் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அணையை யார் பார்த்துக்கொள்வது?

ஊரில் திருடாத ஆள், பொய் சொல்லாத ஆள், சொன்ன சொல் தட்டாத ஆள் யார் என்று விசாரித்தாள். எல்லோரும் ஒரே குரலில் மூன்று பேரைச் சொன்னார்கள். கொம்பையா. கொம்பையாவின் மச்சினன் வெள்ளப்பாண்டி. கொம்பையாவுக்குச் சித்தப்பா மகன் உலகு. மூன்று பேருக்கும் மீசை இருந்தது, மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. குருவம்மாள் விசாரணையை அதோடு நிறுத்திக்கொண்டாள். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

பஸ் ஏறும்போது மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தி அவள் சொன்னது இவ்வளவுதான்.

"ஏல, மூணே மூணு காரியம். கரையில எலி ஓட்டை, நண்டு ஓட்டை, எந்த ஓட்டை கண்ணுல பட்டாலும் அன்னன்னைக்கே அடைச்சிரணும். குறிக்கல்லுக்கு மேல தண்ணி ஏறக் கூடாது. பயிரு ஒரு நாளும் தண்ணியில்லாமக் கெடக்கக் கூடாது. வேற ஒண்ணும் செய்யாண்டாம்."

பஸ் போனதும் மூன்று பேரும் கலந்து பேசினார்கள். மூன்று காரியத்தையும் ஒரே ஆள் மனசில் வைத்துக்கொண்டால் ஒன்று வழியில் விழுந்துவிடும் என்று கொம்பையா பயந்தான். ஆகவே ஆளுக்கொன்று பிரித்துக்கொண்டார்கள். ஓட்டை கொம்பையா பொறுப்பு. குறிக்கல் வெள்ளப்பாண்டி பொறுப்பு. பயிர் உலகு பொறுப்பு. ஒருத்தன் காரியத்தில் இன்னொருத்தன் தலையிடுவதில்லை என்று கரைமேல் கற்பூரம் ஏற்றிச் சத்தியமும் செய்துகொண்டார்கள்.

முதல் நாளே ஒரு ஓட்டை அகப்பட்டது. நண்டு வளை. உள்ளே நண்டு இருக்கிறதா என்று பார்க்க உலகு விரலை விட்டான். இருந்தது. நண்டு பிடித்த பிடியில் உலகு கரையோடு குப்புறப் படுத்துவிட்டான். கொம்பையா குனிந்து நிதானமாகப் பார்த்தான்.

"அண்ணே, இழுத்து விடுங்க," என்றான் உலகு.

"இழுத்தா என்ன ஆவும் தெரியுமால? இப்போ ஓட்டை அடைபட்டுக் கெடக்கு. விரலை எடுத்தா மறுபடியும் ஓட்டை."

வெள்ளப்பாண்டியும் யோசித்துப் பார்த்து, அத்தான் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றான். உலகுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வலி வேறு, நியாயம் வேறு. மத்தியானச் சோற்றை வெள்ளப்பாண்டி அவனுக்கு உருட்டி ஊட்டிவிட்டான். சாயங்காலம் நண்டுக்கே அலுத்துப்போய் விட்டுவிட்டது. பிறகு வளையைக் களிமண்ணால் அடைத்தார்கள். விரல் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

மூன்றாம் நாள் கொம்பையா கரையின் வெளிப்பக்கம் இறங்கி நடந்தான். கரைக்கு அடியில், ஒரு ஆடு நுழைந்து போகிற அகலத்துக்கு ஒரு ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று கொட்டி, வாய்க்காலில் ஓடி, வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. எலி ஓட்டையையும் நண்டு ஓட்டையையும் நினைத்துக் கவலைப்பட்ட மொதலாளியம்மா இவ்வளவு பெரிய ஓட்டையைக் கவனிக்கவே இல்லையே என்று கொம்பையாவுக்குத் துக்கம் பொங்கியது. பாவம், புரை விழுந்த கண்.

அவர்கள் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே சிறந்த வேலை அதுதான் என்று நான் தயங்காமல் சொல்வேன். முதலில் கல். கல்லின் மேல் வைக்கோல் பிரி. அதன் மேல் சாக்கு. சாக்கின் மேல் மிதித்துக் குழைத்த களிமண். அதன் மேல் மறுபடியும் கல். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு அடைத்தார்கள். மதகிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கசியவில்லை. வேலை செய்த வேகத்தில், வயலுக்குக் கீழே போகிற வண்டிப்பாதை மேட்டையும் கொம்பையா பார்த்துவிட்டான். அதுவும் மண்ணால் ஆனது, அதுவும் நீளமாகக் கிடந்தது, அதற்கடியிலும் தண்ணீர் போக ஒரு குழாய் இருந்தது. மிச்சக் களிமண்ணை வீணாக்காமல் அதையும் அடைத்துவிட்டு, மூன்று பேரும் வேலை செய்த களைப்பில் புங்கமரத்தடியில் படுத்துக்கொண்டார்கள்.

அடுத்த நாள் உலகு பதறிக்கொண்டு ஓடி வந்தான். வயல் காய்ந்து வெடிக்க ஆரம்பித்திருந்தது. பயிரின் நுனி மஞ்சள் தட்டியிருந்தது. வாய்க்காலில் தண்ணீரையே காணோம், யாரோ திருடிவிட்டார்கள் என்றான். கரைமேல் ஏறிப் பார்த்தார்கள். தண்ணீர் திருடு போகவில்லை. அணைக்குள் தளதளவென்று பத்திரமாக இருந்தது. கரைக்கு இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் பயிர். ஒன்றுக்கொன்று முகம் பார்க்க முடியாதபடி நடுவில் குருவம்மாளின் கரை.

"நேத்து அடைச்சோமில்ல, அந்த ஓட்டையில ஒரு சின்ன ஓட்டை போட்டுக்கிடுவமா?" என்று உலகு மெல்லக் கேட்டான்.

"பெரிய ஓட்டையே ஆகாதுங்காவ. சின்ன ஓட்டை ஆகுமா?" என்றான் கொம்பையா.

இது அவன் காரியம். சத்தியம் செய்தாயிற்று. உலகு குடத்தைத் தேடிப் போனான்.

குடத்தில் மொண்டு ஊற்றுவது என்று முடிவானது. அணைக்குள் இறங்கிக் குடத்தை நிரப்ப வேண்டும், இரண்டு ஆள் உயரக் கரையில் ஏற வேண்டும், மறுபக்கம் இறங்க வேண்டும். கரை ஏறினால் தாகம் எடுக்கிறது. தாகம் எடுத்தால் கையில் குடம் இருக்கிறது. உச்சியில் நின்று ஆளுக்குக் கால் குடம் குடித்தார்கள். இறங்கும்போது வழுக்கியதில் அரைக் குடம் கொட்டியது. மிச்சம் இருந்ததில் சேறான காலைக் கழுவிக்கொண்டு வயலில் இறங்கினார்கள், பயிரை அழுக்குக் காலோடு மிதிக்கக் கூடாதல்லவா. மத்தியானம் வரை பன்னிரண்டு நடை. வயல் அப்படியே இருந்தது. மூன்று பேர் வயிறும் குளமாகிவிட்டது.

உலகு வரப்பில் உட்கார்ந்து அழுதே விட்டான். கண்ணாபரேசன் செய்துகொண்டு கிடக்கிற அம்மா தன்னை நம்பிப் பயிரை ஒப்படைத்தார்களே, கார்த்திகை முதல் தேதி அந்தச் சூளைக்காரர் வந்து நிற்பாரே, அம்மாவின் அணையை வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போவாரே என்று சொல்லிச் சொல்லி அழுதான். அவன் அழுததில் கள்ளமே இல்லை. அந்தத் துக்கத்தில்தான் வெள்ளப்பாண்டிக்கு மூளை வேலை செய்தது.

"அத்தான், தண்ணிக்கும் காலு கெடையாது, பயிருக்கும் காலு கெடையாது. ரெண்டுல எதையோ ஒண்ண நாமதான் சொமந்தாகணும். இதுவரைக்கும் தண்ணியச் சொமந்தோம். ரெண்டுல எது கனம் கொறவுன்னு யாராவது பாத்தமா?"

கொம்பையா திகைத்துப்போனான். பார்க்கவே இல்லை.

ஒரு கம்பை எடுத்து உலகின் தோளில் குறுக்கே வைத்தார்கள். ஒரு முனையில் ஒரு குடம் தண்ணீர். மறுமுனையில் வயலில் பிடுங்கிய ஒரு கட்டுப் பயிர். கம்பை விட்டதும் குடம் இருந்த பக்கம் படாரென்று கீழே போனது, உலகும் அதோடு போனான். சந்தேகத்துக்கு இடமே இல்லை. பயிர்தான் கனம் குறைவு.

அன்றைக்கே பயிரைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். வயலில் எந்த வரிசையில் நின்றதோ அதே வரிசையில் அணைக்குள் நட வேண்டும் என்பதில் உலகு கண்டிப்பாக இருந்தான். அணையின் மேல்கோடியில், கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிற வண்டல் சேற்றில் நடவு தொடங்கியது. நடவு என்றால் முதலில் குலவை போட வேண்டும். அது பெண்கள் வேலை. அங்கே பெண்கள் யாரும் இல்லை. குலவை இல்லாமல் நட்டால் பயிர் கோபித்துக்கொள்ளும் என்று கொம்பையா சொன்னதால், வெள்ளப்பாண்டி கையை வாய்ப்பக்கம் வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஒரு குலவை போட்டான். முள்ளுக்காட்டில் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு மாடுகள் மறுநாள் சாயங்காலம் வரை வீடு திரும்பவில்லை.

ஐந்து நாள் நட்டார்கள். வழியோடு போனவர்கள், மூன்று மீசைக்காரர்கள் அணைக்குள் நெல் நடுவதைப் பார்த்தார்கள். ஆனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சொந்த அணை, சொந்தப் பயிர், அந்த அம்மா என்ன சொல்லிவிட்டுப் போனாளோ என்று நினைத்துக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் வயலில் ஒரு தாள் பாக்கி இல்லை. சோளக்கொல்லைப் பொம்மையைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்து அணைக்குள் நட்டாயிற்று. வண்டலில் வேர் பிடித்த பயிர் இரண்டே நாளில் முன்னைவிடக் கரும்பச்சையாக நிமிர்ந்தது. உலகு கரைமேல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை அவன் மனைவிகூடப் பார்த்திருக்க மாட்டாள்.

அப்புறம் மலையில் மழை பிடித்தது.

ஓடை செம்மண் நிறத்தில் சுருட்டிக்கொண்டு வந்தது. மதகு அடைத்திருந்ததால் வந்த தண்ணீர் வந்தபடியே நின்றது. அணை ஏறியது. மத்தியானம் தண்ணீர் குறிக்கல்லின் காலைத் தொட்டது. இது வெள்ளப்பாண்டியின் காரியம். இத்தனை நாள் வேலையில்லாமல் இருந்தவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான். குறிக்கல்லுக்கு மேலே தண்ணீர் ஏறக் கூடாது. கடப்பாரையை வைத்து நெம்பிக் கல்லைப் பிடுங்கி, இரண்டு முழம் மேலே கொண்டுபோய் நட்டான்.

தண்ணீர் பின்னாலேயே ஏறி வந்தது. கல்லை மறுபடியும் பிடுங்கி மேலே நட்டான். மறுநாள் இரண்டு தடவை. மூன்றாம் நாள் கரையின் உச்சிக்கே கல் வந்துவிட்டது, அதற்குமேல் நடுவதற்குக் கரை இல்லை. தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளப்பாண்டி கொஞ்சமும் கலங்கவில்லை. கல்லைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு கரையில் நின்றுவிட்டான்.

"எவ்வளவு வேணும்னாலும் ஏறட்டும் அத்தான். என்னயத் தாண்டித்தான போவணும்," என்றான்.

பயிரின் கதையோ வேறு மாதிரி இருந்தது. பயிர் தண்ணீருக்கடியில் போய்விட்டது. பொம்மையின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. பயிருக்குத் தண்ணீர் இல்லாமல் இருக்கக் கூடாது என்றுதான் அம்மா சொன்னாள், இப்போது போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறதே என்று கொம்பையா ஆறுதல் சொன்னான். உலகு சமாதானம் ஆகவில்லை. நாளைக்கழித்துக் கார்த்திகை முதல் தேதி. சூளைக்காரர் வந்து பயிர் எங்கே என்று கேட்டால் தண்ணீரைக் காட்டி உள்ளே இருக்கிறது என்று சொன்னால் அவர் நம்புவாரா? அவரை முங்கிப் பார்க்கச் சொல்ல முடியுமா? வயசானவர்.

தண்ணீரைக் குறைத்தாக வேண்டும். ஓட்டையும் போடக் கூடாது. மூன்று பேரும் மழையில் நனைந்துகொண்டே கூடிப் பேசினார்கள். வெள்ளப்பாண்டி கல்லை இறக்காமலே பேச்சில் கலந்துகொண்டான்.

"அண்ணே, நீங்க அடைச்ச ஓட்டை எல்லாத்துக்கும் மேல மண்ணு இருந்துச்சா இல்லையா?" என்று உலகு கேட்டான்.

"இருந்துச்சு. மேல மண்ணு இல்லன்னா எப்படில ஓட்டை?"

"அப்போ மேல மண்ணே இல்லாம உச்சியிலிருந்து வெட்டிக்கிட்டே வந்தா?"

கொம்பையா வெகுநேரம் யோசித்தான். தாடையைத் தடவினான். கரைமேல் ஒரு தரம் போய்த் திரும்பி வந்தான். அம்மா எலியைச் சொன்னார்கள், நண்டைச் சொன்னார்கள். உச்சியிலிருந்து வெட்டிக்கொண்டு வருகிற எலியை அவன் பார்த்ததில்லை. ஆகவே அது அம்மா சொன்ன ஓட்டை இல்லை என்று தீர்ப்புச் சொன்னான்.

வடகோடியில் வெட்டினார்கள். அங்கே புங்கமரத்தடியில் மண்வெட்டி கிடந்தது, அதை எடுத்துக்கொண்டு அதிக தூரம் நடப்பானேன் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அந்த இடத்தில் கரை ஒரு பெரிய பாறைமேல் போய் முடிகிறது. தண்ணீர் வெட்டில் பாய்ந்து மண்ணை அரித்தது, ஒரு ஆள் ஆழத்துக்கு இறங்கியது, பாறையைத் தொட்டதும் அதற்குமேல் அரிக்க முடியாமல் வழிந்து மட்டும் ஓடியது. வேறு எந்த இடத்தில் வெட்டியிருந்தாலும் கரை, காவல், நான் சொல்கிற கதை எல்லாம் சேர்ந்து வங்காள விரிகுடாவுக்குப் போயிருக்கும்.

ஒரு ராத்திரியும் ஒரு பகலும் தண்ணீர் வடிந்தது. வடிந்து எங்கே போகும்? கீழே வெறும் வயல் கிடந்தது, அங்கே போனது. வயலைத் தாண்டிப் போகலாம் என்று பார்த்தால் வண்டிப்பாதைக் குழாயைக் கொம்பையா அடைத்து வைத்திருந்தான். ஆகவே வயலிலேயே தங்கிவிட்டது. மேலே அணைக்குள் தண்ணீர் இறங்கி, பயிர் ஒவ்வொரு வரிசையாகத் தலையைத் தூக்கியது. மழையும் விட்டது.

கார்த்திகை முதல் தேதி காலையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஆவுடையப்பன். பின்னால் நாலு மாட்டு வண்டி, எட்டு மண்வெட்டி, மண் அள்ள ஆட்கள். இன்னொருத்தி, முதல் பஸ்ஸில் இறங்கி, கறுப்புக் கண்ணாடியோடு வரப்பைத் தடவித் தடவி வந்த குருவம்மாள். மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைபோல ஆவுடையப்பன் வாயெல்லாம் சிரிப்பாக நின்றார்.

குருவம்மாள் வயலைப் பார்த்தாள். வயல் இருந்த இடத்தில் ஒரு குளம் இருந்தது. அதில் நாரை நின்றது. நிமிர்ந்து அணையைப் பார்த்தாள். கரையின் வெட்டு வழியாக உள்ளே பச்சையாக ஏதோ அசைந்தது. கண்ணாடியைக் கழற்றினாள், முந்தானையால் துடைத்தாள், மறுபடியும் மாட்டினாள். குளத்தில் நாரை இருந்தது, அணையில் பச்சை இருந்தது. டாக்டர் கண்ணுக்குள் வைத்த லென்ஸைத் தலைகீழாக வைத்துவிட்டார் என்றே அவள் நினைத்தாள்.

"பாத்தியளா மதினி," என்றார் ஆவுடையப்பன். "பயிரு முங்கிட்டு. அணையில தண்ணியும் இல்ல. நான் சொன்ன தவளைதான் மிச்சம். ஏ, வண்டியப் பின்னால எடுங்கப்பா."

குருவம்மாள் கரைப்பக்கம் திரும்பினாள். இரண்டு கோடை அவள் மிதித்துப் போட்ட மண். ஒவ்வொரு கூடையும் அவளுக்குத் தெரியும். வண்டியின் பின்பலகையைக் கழற்றுகிற சத்தம் கேட்டபோது அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் உலகு கரையிலிருந்து உருண்டு புரண்டு ஓடி வந்தான்.

"மொதலாளியம்மா, அங்கன தேடாதிய. பயிரு பத்திரமா இருக்கு. ஒரு நாளும் தண்ணியில்லாமக் கெடக்கல."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கரை ஏறினாள். ஆவுடையப்பனும் ஏறினார். கரைமேல் ஒருத்தன் தலையில் கல்லோடு நின்றுகொண்டிருந்தான். அவனைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே, அணையின் மேல்கோடி முழுக்க, கரும்பச்சையாக, வரிசை பிசகாமல், காலடியில் தண்ணீர் மினுங்க, ஒரு ஏக்கர் நெல் காற்றில் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. ஊரில் அந்த வருஷம் அப்படி ஒரு பயிரை யாரும் பார்த்திருக்கவில்லை. நடுவில் பொம்மை.

குருவம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். வேறு வழியில்லாமல் சிரித்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆவுடையப்பன் விடவில்லை. பேச்சு கீழே இருக்கிற வயலைப் பற்றியது, அணைக்குள் நட்டதெல்லாம் கணக்கில் சேராது என்றார்.

"கொழுந்தனாரே," என்றாள் குருவம்மாள், "அணைத் தண்ணியில பயிரு பச்சையா நிக்கணும்னுதான பேச்சு? எங்க நிக்கணும்னு நீங்களும் சொல்லல, நானும் சொல்லல. என் சொந்த அணை. கீழயும் நடுவேன், உள்ளயும் நடுவேன். நாளைக்கு ஒங்க வண்டி மேலயும் நடுவேன்."

மண் அள்ள வந்த ஆட்களே சிரித்துவிட்டார்கள். வண்டிக்காரர்கள் பின்பலகையை மறுபடியும் மாட்டினார்கள். ஆவுடையப்பன் முகம் சுண்டிப்போய்ப் புங்கமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

குருவம்மாள் மூன்று பேரையும் கூப்பிட்டாள். ஒவ்வொருத்தன் தலையையும் தொட்டாள், ஒருத்தன் தலையில் கல் இருந்ததால் கல்லைத் தொட்டாள். திட்டத்தான் நினைத்தாள், திட்டு வரவில்லை. விடியுமுன்னே எழுந்து பஸ்ஸில் வந்த களைப்பு. "இது பயிரா தண்ணியான்னு எனக்குத் தலை சுத்துதுல. வீட்டுக்குப் போயி ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு வாரேன். அதுக்குள்ள எல்லாத்தையும் முன்ன இருந்த மாதிரி ஆக்கி வைங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று பேரும் கரைமேல் நின்று நிலவரத்தைப் பார்த்தார்கள். முன்பு எப்படி இருந்தது? கரையின் உள்பக்கம் பார்த்த பக்கத்தில் தண்ணீர் இருந்தது, வெளிப்பக்கம் பார்த்த பக்கத்தில் பயிர் இருந்தது. இப்போது உள்பக்கம் பயிர், வெளிப்பக்கம் தண்ணீர். பயிரை இனி தொடக் கூடாது, வேர் பிடித்துவிட்டது என்று உலகு கறாராகச் சொன்னான். தண்ணீரைச் சுமந்து பார்த்தாயிற்று, நடக்காது என்பதை மூன்று பேர் வயிறும் அறியும்.

"பயிரு இப்போ இருக்க எடத்துல இருக்கட்டும், தண்ணியும் இப்போ இருக்க எடத்துல இருக்கட்டும்," என்றான் கொம்பையா கடைசியில். "நடுவுல கெடக்கே இந்தக் கரை, இது ஒண்ணுதான் தப்பான பக்கம் பாத்துக்கிட்டு நிக்கி. இத மட்டும் ஒரு தரம் திருப்பி வச்சிட்டா எல்லாம் முன்ன மாதிரி ஆயிரும்."

கல்லை இறக்கி வைத்தார்கள். மூன்று பேரும் கரையின் தென்கோடியில் தோளைக் கொடுத்து, ஏலேலோ சொல்லித் தள்ளத் தொடங்கினார்கள். கால் மணி நேரம் தள்ளினார்கள். கொம்பையா அசைகிறதா என்று கேட்டான். லேசாக அசைகிறது என்றான் உலகு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே.

ஆவுடையப்பன் புங்கமரத்தடியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. மண் வேலையிலேயே தலை நரைத்த மனுஷன். ஒரு வேலை தப்பாக நடப்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து வந்தார்.

"ஏய், கிறுக்குப் பயலுவளா, மூணு பேரும் ஒரே கோடியில நின்னு தள்ளினா எப்படில திரும்பும்? அந்தக் கோடிக்கு ஒருத்தன் போயி எதிர்ப்பக்கமாத் தள்ளாண்டாமா?" என்று அதட்டி, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, அவரே வடகோடிக்கு நடந்தார். மண் அள்ள வந்த ஆட்களையும் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்.

குருவம்மாள் காப்பியைக் குடித்துவிட்டு வந்தபோது கரையின் நீளத்துக்கும் ஆட்கள் தோளைக் கொடுத்து நின்றிருந்தார்கள். வியர்வை ஒழுகியது. வடகோடியிலிருந்து ஆவுடையப்பன் கையை ஆட்டி அவளைத் தடுத்தார்.

"மதினி, அங்கனயே ஒரு ஓரமா நில்லுங்க. கரை திரும்புத நேரம், காலு மாட்டிக்கிடப் போவுது."